ஊட்டி இறக்கத்தில் கைகொடுக்கும் ஹேண்ட் பிரேக்... பின் சக்கர பிரேக் ஷூவை வீட்டிலேயே மாற்றலாமா?

ஊட்டியிலிருந்து தலைக்குந்தா, கல்லட்டி வழியாக மசினகுடிக்குப் போகும் பாதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். சுமார் 30 கிலோமீட்டர் தூரம், 36 கொண்டை ஊசி வளைவுகள். முதுமலைக்குப் போகக் குறுக்கு வழி. ஆனால், வெளியூர்ப் பதிவெண் கொண்ட காரில் போனால் தலைக்குந்தாவில் போலீஸார் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதே கார் மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறி வந்தால் விட்டுவிடுவார்கள்.

ஏறலாம், இறங்கக் கூடாது! வேடிக்கையாகத் தோன்றும் இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து சுற்றுலா வந்த ஏழு பேரின் கார் கல்லட்டிப் பாதையில் பள்ளத்தில் விழுந்தது. இரண்டு நாள்கள் கழித்துத்தான் கார் கிடக்கும் இடமே தெரிந்தது. ஐந்து பேர் இறந்துபோனார்கள். இருவர் மட்டும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். அதன் பிறகே அந்தப் பாதையில் வெளியூர் வண்டிகளுக்குக் கெடுபிடி அதிகமானது.

மலையில் ஏறும்போது இன்ஜினுக்குத்தான் வேலை. இறங்கும்போது மொத்தச் சுமையும் பிரேக்கின் தலையில் விழுகிறது. அப்படி முக்கியமான பிரேக்கில், நம்மில் பெரும்பாலானோர் எட்டிக்கூடப் பார்க்காத பகுதி ஒன்று உண்டு. அது பின் சக்கர டிரம்முக்குள் இருக்கும் ஷூ. நம் ஊர்ச் சிறிய கார்கள் பலவற்றில் ஹேண்ட் பிரேக்கும் அதே ஷூவைத்தான் நம்பி இருக்கிறது.

அதை வீட்டிலேயே கழற்றி மாற்ற முடியுமா? முடியும். ஆனால், எங்கே தொடங்க வேண்டும் என்பதைவிட, எங்கே நிறுத்த வேண்டும் என்பது முதலில் தெரிய வேண்டும்.

நான்கு வாளித் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 330 மீட்டர். அதாவது குன்னூர் வழியாக இறங்கி முடிப்பதற்குள் கார் சுமார் 1,900 மீட்டர் கீழே வந்துவிடுகிறது.

கார், ஆட்கள், பெட்டி படுக்கை எல்லாம் சேர்த்து 1,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இவ்வளவு எடை இவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியாகும் ஆற்றலைக் கணக்குப் போட்டால், 60 லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். நான்கு வாளித் தண்ணீர்! இந்த ஆற்றல் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். சிறிய கியரில் இறங்கினால் ஒரு பகுதியை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். கியரை நியூட்ரலில் போட்டு பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால், பெரும்பகுதி பிரேக்கில்தான் சூடாக இறங்கும்.

அளவுக்கு மீறிச் சூடானால் இரண்டு விபரீதங்கள் நடக்கும். ஒன்று, லைனிங்கின் பிடிமானம் குறையும். மிதிப்பீர்கள், வண்டி நிற்காது. இரண்டு, பிரேக் ஆயில் கொதிக்கும். பிரேக் ஆயிலுக்குக் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு தர அளவுகோலே 140 டிகிரிதான். டாட் 4 என்றால் இந்த அளவுகள் 230, 155. கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழ் உருவாகும். பெடல் பஞ்சுபோல உள்ளே போய்விடும்.

மழையும் பனிமூட்டமுமாக ஆண்டின் பாதி நாள்கள் நனைந்து கிடக்கும் நீலகிரியில், 'பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்துங்க' என்று சொல்வதன் காரணம் இதுதான்.

பெட்டிக்கு ஒரு பிரேக்மேன்

நீலகிரி மலை ரயிலில் போயிருக்கிறீர்களா? கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளத்தின் நடுவில் பல் வைத்த இன்னொரு தண்டவாளம் ஓடும். நீராவி இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே நின்று பெட்டிகளை மேலே தள்ளும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்மேன் நிற்பார். இன்ஜின் விசில் கொடுத்தால் அவரவர் பெட்டியின் கை பிரேக்கை அவரவர் இறுக்குவார்கள். 1899-ல் குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் வந்த ரயில் இது. அதன் அடிப்படைப் பாடம் மிக எளிமையானது. மலையில் ஒரே ஒரு பிரேக்கை நம்பாதே!

காருக்கும் சட்டம் அதைத்தான் சொல்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ன் 96-வது விதி, காரில் கால் பிரேக், பார்க்கிங் பிரேக் என்று தனித்தனியாக இயங்கும் இரண்டு ஏற்பாடுகள் இருக்க வேண்டும் என்கிறது. கால் பிரேக் ஆயில் அழுத்தத்தில் இயங்குகிறது. ஹேண்ட் பிரேக் இரும்பு கேபிளில் இயங்குகிறது. ஆயில் கொதித்தாலும், குழாய் உடைந்தாலும் கேபிள் வேலை செய்யும்.

ஆனால், அந்தக் கேபிளின் மறுமுனையில் ஷூ தேய்ந்து கிடந்தால்? இரண்டாவது பிரேக் பெயருக்குத்தான் இருக்கும்.

செருப்புத் தைப்பவர் போட்ட முதல் லைனிங்

பிரேக் லைனிங் பிறந்த கதையும் ஓர் இறக்கத்தில்தான் தொடங்குகிறது. 1888 ஆகஸ்டில் ஜெர்மனியைச் சேர்ந்த பெர்த்தா பென்ஸ், தன் கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய காரை எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களுடன் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினார். நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான பயணம். மேட்டில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். இறக்கத்தில் மரத்தாலான பிரேக் கட்டை தேய்ந்துபோனது. வழியில் இருந்த ஒரு செருப்புத் தைப்பவரிடம் சொல்லி, அந்தக் கட்டையில் தோல் வைத்து ஆணியடிக்கச் சொன்னார் பெர்த்தா. கார் உலகின் முதல் பிரேக் லைனிங் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

இன்று தோல் இல்லை. பிறை வடிவ இரும்பு ஷூவின் மேல் உராய்வுப் பொருள் ஒட்டப்பட்டிருக்கும். ஆனால், தத்துவம் அதேதான். தேய வேண்டியது லைனிங். தேய்ந்ததும் மாற்ற வேண்டியது நாம்.

ஷூ தேய்ந்துவிட்டதை எப்படித் தெரிந்துகொள்வது?

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாயும். அதனால் முன் சக்கர பிரேக்தான் அதிகம் உழைக்கும், சீக்கிரம் தேயும். பின் ஷூ மெதுவாகத் தேய்வதால் அதை மறந்துவிடுகிறோம். இந்த அறிகுறிகள் இருந்தால் டிரம்மைத் திறந்து பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

* ஹேண்ட் பிரேக் லிவர் முன்பைவிட அதிக 'கிளிக்' சத்தத்துடன் மேலே வருகிறது.
* லிவரை முழுதாக இழுத்தும் மேட்டில் வண்டி நகர்கிறது.
* பின் சக்கரத்தில் கீச்சென்றோ, இரும்பு உரசுவது போலவோ சத்தம் வருகிறது.
* பின் சக்கரத்தின் உள்பக்கம் ஆயில் கசிந்த ஈரம் தெரிகிறது.
* பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்துகொண்டே வருகிறது.
* ஓட்டி நிறுத்தியதும் ஒரு பக்கப் பின் சக்கரம் மட்டும் அதிகச் சூடாக இருக்கிறது.

சமவெளியில் இருப்பவர்களுக்கு முதல் இரண்டும் தெரியாமலே போகலாம். கியரில் போட்டு நிறுத்தினால் வண்டி நின்றுவிடும். குன்னூர், கோத்தகிரி வீதிகளில் ஹேண்ட் பிரேக்குக்கு தினமும் பரீட்சைதான்.

உங்கள் காரில் எந்த வகை?

கருவிப்பெட்டியைத் திறப்பதற்கு முன், காருடன் கொடுத்த கையேட்டைத் திறந்து பாருங்கள்.

முதல் வகை, பின்னால் டிரம் பிரேக். கால் பிரேக், ஹேண்ட் பிரேக் இரண்டுக்கும் ஒரே ஜோடி ஷூ. சிறிய கார்களில் இதுதான் அதிகம். வீட்டு வேலைக்கு ஏற்றது.

இரண்டாவது, பின்னால் டிஸ்க். அதன் நடுவில் தொப்பி போன்ற பகுதிக்குள் ஹேண்ட் பிரேக்குக்கென்று தனியாகச் சின்ன ஷூ. வண்டி நின்ற பிறகே இது வேலை செய்வதால் அதிகம் தேயாது. ஆனால், துருப்பிடிக்கும், லைனிங் பெயர்ந்து வரும்.

மூன்றாவது, டிஸ்க்கைப் பிடிக்கும் கேலிப்பரையே ஹேண்ட் பிரேக் கேபிள் இழுக்கும் வகை. இதில் பிஸ்டனைச் சுழற்றி உள்ளே தள்ளத் தனிக் கருவி வேண்டும்.

நான்காவது, பட்டனை அழுத்தினால் இறுகும் எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக். இதைப் பெரும்பாலும் கம்ப்யூட்டர் மூலம் 'சர்வீஸ் மோடு'க்குக் கொண்டுபோன பிறகே தொட வேண்டும். வீட்டில் வேண்டாம்.

கழற்றும் முன்: சமதளம் இருக்கிறதா?

நீலகிரியில் மிகப் பெரிய சிக்கல் இதுதான். வீட்டு வாசல் சரிவாக இருந்தால் அங்கே இந்த வேலையைச் செய்யவே கூடாது. ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிட்டுத்தான் டிரம்மைக் கழற்ற முடியும். அந்த நேரத்தில் காரைப் பிடித்து நிறுத்துவது முன் சக்கரத்துக்குக் கொடுத்த கட்டை மட்டுமே. சமமான, கெட்டியான தரை கிடைக்கவில்லை என்றால் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுங்கள்.

மழையில் ஊறிய மண் தரையில் ஜாக்கி புதைந்து சாயும். சிமென்ட் தரைதான் பாதுகாப்பு. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தூக்கிய பிறகு கார், ஜாக் ஸ்டாண்டின் மேல்தான் உட்கார வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் கல் வைத்து முட்டுக்கொடுக்கவே கூடாது. திடீரென்று நொறுங்கிவிடும். குழந்தைகளும் செல்லப் பிராணிகளும் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, டிரம்முக்குள் இருக்கும் கறுப்புத் தூசி. பழைய லைனிங்குகளில் நுரையீரலைப் பாதிக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். வாயால் ஊதவோ, காற்றடித்துச் சுத்தம் செய்யவோ கூடாது. முகக்கவசம் அணிந்து, பிரேக் கிளீனர் அல்லது சோப்புத் தண்ணீரால் நனைத்துத் துடையுங்கள்.

டிரம் பிரேக் ஷூ மாற்றுவது எப்படி?

1. முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். முதல் கியரில் போடுங்கள். கார் தரையில் இருக்கும்போதே பின் சக்கர நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். பிறகு தூக்கி, ஜாக் ஸ்டாண்டில் இறக்கி, சக்கரத்தைக் கழற்றுங்கள்.

2. ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். டிரம் வர மறுத்தால் சுத்தியலால் ஓங்கி அடிக்காதீர்கள். பல டிரம்களில் இரண்டு சிறிய மரை போட்ட துளைகள் இருக்கும். அவற்றில் பொருத்தமான போல்ட்டுகளை மாறி மாறித் திருகினால் டிரம் வெளியே தள்ளப்படும். சில கார்களில் டிரம்மும் பேரிங்கும் ஒன்றாக இருக்கும், நடுவில் பெரிய நட்டு தெரியும். அதைக் கழற்றினால் புது நட்டு போட்டு, கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ஸ்பேனரால் இறுக்க வேண்டும். அந்த ஸ்பேனர் இல்லை என்றால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

3. டிரம் வந்ததும் எதையும் தொடாமல் செல்போனில் நான்கைந்து படங்கள் எடுங்கள். எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில், எந்த நிறம், எந்தப் பக்கம் என்பதெல்லாம் தெரிய வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே அடுத்த பக்கத்தைக் கழற்றுங்கள். குழப்பம் வந்தால் மறுபக்கத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

4. டிரம் வெளியே இருக்கும்போது யாரும் பிரேக் பெடலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வந்துவிடும். 'உள்ளே உட்கார்ந்து விளையாடாதே' என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

5. மேலே இருக்கும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாக விலக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் சிலிண்டர் கசிகிறது. அது சரியாகாமல் புது ஷூ போடுவது வீண். லைனிங்கில் ஆயில் பட்டால் துடைத்துப் பயனில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும்.

6. ஷூவைப் பிடித்திருக்கும் பின்னின் மூடியை அழுத்திக் கால் சுற்றுத் திருப்பினால் கழன்று வரும். ஸ்பிரிங்குகள் இழுவிசையில் இருப்பவை, தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு ஷூவையும் கழற்றி, பின் ஷூவில் மாட்டியிருக்கும் ஹேண்ட் பிரேக் கேபிளை விடுவியுங்கள்.

7. பேக் பிளேட்டைத் துடைத்து, ஷூ உரசும் மேடான இடங்களில் மட்டும் சூடு தாங்கும் பிரேக் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். லைனிங்கிலும் டிரம்மின் உள்பக்கத்திலும் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அட்ஜஸ்டரைச் சுத்தம் செய்யுங்கள். இடது, வலது அட்ஜஸ்டர்களுக்கு மரை வேறாக இருக்கலாம், மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

8. படத்தைப் பார்த்து புது ஷூவை மாட்டுங்கள். இரண்டு பின் சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

9. டிரம்மின் உள்விட்டம் அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்பது அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதைத் தாண்டித் தேய்ந்திருந்தாலும், விரிசல் இருந்தாலும் டிரம்மையும் மாற்றுங்கள். டிரம் உள்ளே போகும்போது லேசாக உரசும் அளவுக்கு அட்ஜஸ்டரை விரியுங்கள்.

10. இரு பக்கமும் முடிந்த பிறகு பிரேக்கைப் பலமுறை மிதியுங்கள், பெடல் கெட்டியாக வேண்டும். கடைசியாகத்தான் ஹேண்ட் பிரேக் கேபிளைச் சரிசெய்ய வேண்டும். கையேட்டில் எத்தனை 'கிளிக்' என்று இருக்கும். லிவரை இறக்கியதும் இரு சக்கரமும் கையால் தாராளமாகச் சுற்ற வேண்டும்.

ஷூவை மாற்றாமல் கேபிளை மட்டும் இறுக்கிக்கொண்டே போவதுதான் பலர் செய்யும் தவறு. லிவர் கெட்டியாக வரும், உள்ளே லைனிங் தீர்ந்துகொண்டிருக்கும்.

இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்!

வீல் சிலிண்டர் கசிவு, பிரேக் குழாயைத் திறக்க வேண்டிய நிலை, அறுந்த கேபிள், துருவேறி இறுகிப்போன டிரம், ஏ.பி.எஸ். எச்சரிக்கை விளக்கு... இதில் எது வந்தாலும் வேலையை நிறுத்திவிட்டு மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள். ஆயில் குழாயைத் திறந்தால் உள்ளே காற்று புகும். அதை முழுதாக வெளியேற்றத் தெரியாமல் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. பாதியில் நிறுத்துவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அரைகுறையாக மாட்டிய காரை 'மெதுவாகத்தானே ஓட்டப்போகிறோம்' என்று மலைப்பாதையில் எடுப்பதுதான் ஆபத்து.

முடித்த பிறகும் முதல் ஓட்டம் சமதளத்தில், நடை வேகத்தில் இருக்கட்டும். சற்று தூரம் ஓட்டிவிட்டு சக்கர நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். புது ஷூ, டிரம்மோடு ஒட்டிப் பழகச் சில நாள்கள் ஆகும். அதுவரை பிடிமானம் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். முதல்முறை செய்பவர்கள், ஒருமுறை மெக்கானிக்கிடம் காட்டிச் சரிபார்த்த பிறகு மலை இறங்குவது நல்லது.

மலையில் நிறுத்துவதற்கும் ஒரு முறை உண்டு

புது ஷூ போட்டாலும் பழக்கம் சரியில்லை என்றால் பயன் இல்லை. சரிவில் நிறுத்தும்போது கால் பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். காலை மெதுவாக எடுத்து வண்டி நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு மேடு நோக்கி நின்றால் முதல் கியர், பள்ளம் நோக்கி நின்றால் ரிவர்ஸ் கியர் போட்டு இன்ஜினை அணையுங்கள். ஆட்டோமேட்டிக் காரிலும் ஹேண்ட் பிரேக் இழுத்த பிறகுதான் 'பி'. வண்டி நகர்ந்தால் மலைப்பக்கம் போய் முட்டும்படி முன் சக்கரத்தைத் திருப்பி வையுங்கள். சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல்லைக் கிளம்பும்போது ஓரமாகப் போடுங்கள். அந்தக் கல் பின்னால் வரும் பைக்காரருக்கு எமன்.

ஓட்டுநர் இல்லாத வண்டி தானாக நகராதபடி பிரேக் போட்டோ, வேறு வழியிலோ பாதுகாத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 126-வது பிரிவு.

மழைக்காலத்தில் பல நாள்கள் காரை எடுக்கப்போவதில்லை என்றால், சமதளத்தில் கட்டை வைத்து, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிடுங்கள். ஈரத்தில் ஷூ டிரம்மோடு துருவேறி ஒட்டிக்கொள்வது இப்படித்தான் தவிர்க்கப்படும்.

இறக்கத்தில் 'ஏறிய கியரிலேயே இறங்கு' என்பது பழைய டிரைவர்கள் சொல்லும் பாடம். நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்பதும் இன்றைய இன்ஜெக்‌ஷன் கார்களுக்குப் பொருந்தாது. கியரில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் போவது நிற்கும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் செலவாகும்.

அப்படியும் ஒருநாள் பெடல் உள்ளே போய்விட்டால்? வேகமாக மிதித்து மிதித்து எடுங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கின் பட்டனை அழுத்திப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஒரே இழுப்பாக இழுத்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்கம் ஒதுங்குங்கள். அந்தக் கடைசி நிமிடத்தில் உங்கள் கையில் இருப்பது அந்த லிவர் மட்டும்தான்.

இன்று மாலை காரை நிறுத்தும்போது லிவரை மெதுவாக இழுத்து, எத்தனை 'கிளிக்' வருகிறது என்று எண்ணி, தேதியோடு செல்போனில் குறித்துவையுங்கள். அடுத்த மாதம் மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை கூடியிருந்தால், டிரம்மைத் திறந்து பார்க்காமல் மலை ஏற வேண்டாம்.